விண்வேகன் செத்த அன்று நடவு நின்றது

"பொணம் எங்கம்மா?"

இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்டார். உட்காரச் சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை. மேசைமேல் என் எண்பது பக்க நோட்டு கிடந்தது. வரும் வழியில் தூறல் பட்டு அட்டை உப்பியிருந்தது.

என் முழங்கையைப் பாக்கியம் அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள். நடவுக்காரியின் பிடி. மூன்று நாளைக்கு வலித்தது. உள்ளே எங்கேயோ ஓர் ஆள் இருமினார். அந்த இருமல் கேட்டதும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. இருமியவர் மாரியப்பன் அண்ணன், பாக்கியம் அக்காவின் புருஷன், எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். முதல் நாள் சாயங்காலம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். இருமுகிறார் என்றால் உயிரோடு இருக்கிறார்.

"யாரு பொணங்க?" என்றேன்.

"விண்வேகன். நேத்து உங்க ஊர்ல செத்தவன். யாரு மகன், எங்கேருந்து வந்தான், எங்க பொதைச்சீங்க? ஒளிக்காம சொல்லிடு."

எனக்குப் பொய் சொல்ல வராது. நல்லவள் என்பதால் அல்ல. பொய் சொல்ல நிதானம் வேண்டும், எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

"அவரு பறந்துக்கிட்டிருக்கும்போதே செத்துட்டாருங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

வடை மடித்த காகிதம்

போன வாரம் இந்தத் தொடரில் வந்ததைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். "ஒன்ன ஏழாவதோட நிறுத்திட்டாங்கன்னு அம்மாவக் குத்தம் சொல்லி எழுதியிருக்கியே, நெசமா அது?" என்று கேட்டாள்.

பாதி நிஜம். பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். அப்போது அங்கே மூங்கில் கட்டிய நடைபாலம்தான். கால் வைத்தால் முனகும். வயசுக்கு வந்த பெண்ணை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை, அந்த மூங்கில்மேல் நடக்க எனக்குத் தைரியமில்லை. இரண்டு பயமும் சேர்ந்துதான் என் படிப்பை நிறுத்தின. பழி முழுவதையும் அம்மா சுமந்தாள். இந்த வாரம் பாதியை இறக்கி வைக்கிறேன்.

படிப்பு நின்றது, படிக்கிற ஆசை நிற்கவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, திருவாரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் வடை மடிக்க வாங்கிய பழைய தாள்களில் எண்ணெய் படாததாகப் பார்த்து எனக்கு ஒரு கட்டு கொண்டுவருவார். பரீட்சைத் தாள், கட்சி மாநாட்டு நோட்டீஸ், யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் இருக்கும். நடுநடுவே படக்கதைத் தாள்கள்.

அப்படித்தான் எனக்கு விண்வேகன் கிடைத்தான். நீல முகமூடி, இடுப்பில் பட்டை, வானத்தில் சர்ரென்று போவான். ஏழுருவியும் அப்படித்தான் கிடைத்தாள். விரலைச் சொடுக்கினால் அவள் ஏழு பேர் ஆகிவிடுவாள். ஏழு பேருக்கும் ஒரே முகம், ஒரே கொண்டை.

ஒரு தாளில் விண்வேகன் மேகத்துக்குள் போய் மறைகிறான். கட்டில் அதற்கு அடுத்த தாளில் மொட்டை மாடியில் ஏழுருவி நிற்கிறாள். ஏழு பேராக நின்று வானத்தைப் பார்க்கிறாள். ஏழு ஜோடிக் கண்ணும் கலங்கியிருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? போகிறவனைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவை இரண்டும் வேறு வேறு புத்தகம் என்று எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் ஒரு மாத இதழ், அவள் இன்னொரு மாத இதழ். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மொட்டை மாடியில் அவள் பார்த்தது நகைத் திருடன் தப்பிப் போன விமானத்தை. கண் கலங்கியது புகையால். ஆனால் அதற்குள் என் நோட்டில் அவர்கள் ரொம்ப தூரம் போயிருந்தார்கள். பிரிக்க முடியாது.

என் பேத்தி சொல்கிறாள், இப்போது உலகம் பூராவும் இப்படி எழுதுகிறார்களாம். அடுத்தவர் படைத்த சூப்பர் ஹீரோக்களை எடுத்து ரசிகர்களே கதை எழுதி, ஜோடியும் சேர்த்து வைப்பார்களாம். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பேராம். "கேஸ் போடமாட்டாங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் போடமாட்டாங்க ஆத்தா" என்றாள். இத்தனை வருஷமாக அந்த இரண்டு பத்திரிகைக்காரர்களும் என்றைக்காவது வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயம் எனக்குள் ஒரு மூலையில் இருந்தது. அன்றைக்குத்தான் போனது.

களைத்த கண்

நான் எழுதியதைப் படித்தவர்கள் யாரும் இல்லை. கேட்டவர்கள் இருபத்தோரு பேர்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் அம்மாவோடு நடவுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வரிசைக்கு முதலாள் பாக்கியம் அக்கா. முதலாள் நட்டபடி பின்னால் நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும், அவள் கரையேறினால் எல்லோரும் கரையேற வேண்டும். அந்த வரிசையில் இரண்டு தெருப் பெண்களும் இருந்தார்கள். வயலில் தோளோடு தோள் உரசும். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் சொம்பு வேறாகிவிடும்.

ஒரு குறுவை நடவில் நடவுப்பாட்டு பாடுகிற கிழவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஏ கயலு, நோட்டுல என்னமோ எழுதுறியாமே, அதச் சொல்லேன்" என்றாள் பாக்கியம் அக்கா. குனிந்தபடி சொல்ல ஆரம்பித்தேன். முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. பின் எல்லா வயலிலும் நான்தான்.

முதலில் அவர்களுக்குச் சந்தேகங்கள் இருந்தன.

"ஏழு பேராவாளா? ஏழு பேருக்கும் கூலி உண்டாடி?"

"ஒருத்திதான்க்கா அவ. ஏழாத் தெரியுறா."

"அப்பச் சரி. நம்ம பண்ணையார் ஒரு கூலிதான் குடுப்பாரு."

"அடுப்புக்கு ஒருத்தி, தண்ணிக்கு ஒருத்தி, மாட்டுக்கு ஒருத்தி, புள்ளைக்கு ஒருத்தி, நடவுக்கு ஒருத்தி, மாமியாக்காரி ஏச்சக் கேக்க ஒருத்தி" என்று சின்னப்பொண்ணு நாற்று நட்டுக்கொண்டே எண்ணினாள். "மீதி ஒருத்திதான். அவ தூங்கட்டும்."

வயலே சிரித்தது. வரப்பில் குடை பிடித்து நின்ற காரியக்காரர், பண்ணையின் மேற்பார்வை பார்க்கிறவர், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முறைத்தார்.

காதல் கதைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏழு பேரில் எவளிடம் விண்வேகன் மனசைச் சொல்வான்? நிஜமானவள் எவள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதற்காக நான் பத்து நாள் தூங்கவில்லை. கடைசியில், எவள் கண் களைத்திருக்கிறதோ அவள்தான் நிஜம், மற்ற ஆறும் நிழல் என்று எழுதினேன். அவன் ஏழு பேரையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து களைத்த கண்ணின் முன்னால் நிற்பான். "உட்காருங்கள்" என்பான். அவ்வளவுதான் அவன் சொன்ன முதல் காதல் வசனம்.

அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "ஒக்காருங்கன்னா சொன்னான்?" என்று மட்டும் யாரோ கேட்டார்கள்.

எந்தத் தெரு?

குறுவை முழுக்க அவர்கள் பேசிப் பழகினார்கள். ஆற்று மதகில் சந்தித்தார்கள். சம்பா நடவு வந்ததும் வரிசை என்னை நெருக்க ஆரம்பித்துவிட்டது. "எத்தன நாளைக்குடி மதகுலயே நிப்பாங்க? கலியாணத்தப் பண்ணி வையி."

அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று சொல்ல வேண்டும். ஆட்சி மாறியிருந்தது. டீக்கடைக்கு டீக்கடை இருவண்ணக் கொடி. என் அப்பா அந்தக் கட்சி. அதனால்தான் எனக்குக் கயல்விழி என்று பேர். ஆனால் வாய்க்கால் தலைப்புக்கு வந்தால் சிவப்புக் கொடி. கூலி நெல்லை உயர்த்தச் சொல்லி சங்கம் கேட்டது. பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் லாரியை மறித்தார்கள். பக்கத்து ஊர்களில் அடிதடி, குடிசைக்குத் தீ என்று சேதி வந்துகொண்டே இருந்தது. மாரியப்பன் அண்ணன் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வருகிறவரை பாக்கியம் அக்கா ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நாற்றை மட்டும் கோணாமல் நடுவாள்.

அந்த நேரத்தில் ஒரு நாள் வரிசையின் மேற்குக் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது சரி. விண்வேகன் என்ன ஆளுங்கடி? எந்தத் தெரு?"

கை எல்லாம் ஒரு நொடி நின்றது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தெரு என்றால் அந்தத் தெரு முகம் சுருங்கும். அந்தத் தெரு என்றால் இந்தத் தெரு நாளைக்கு என் பக்கத்தில் நின்று நடாது. ஏழுருவி ஒரு தெரு, அவன் ஒரு தெரு என்றால் கதையே வேண்டாம், ஊரில் வெட்டு விழும். அந்தக் காலத்தில் டீ கிளாசுக்கே வெட்டு விழுந்தது. எல்லா வழியும் சண்டையில் போய் முட்டியது.

அதனால் அவனைக் கொன்றுவிட்டேன். தெருவைச் சொல்வதைவிடக் கொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அவளைப் பெண் கேட்க மழையில் பறந்து வருகிறான், மின்னல் அடித்துவிடுகிறது. நாலு வரி. எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

சாவு விழுந்த வயல்

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். வயலில் கணுக்கால் தண்ணீர். அந்த நாலு வரியையும் சொன்னேன்.

பாக்கியம் அக்கா நிமிர்ந்தாள். நடவில் நடுவே நிமிர்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"செத்துட்டானா?"

"ஆமாக்கா."

"மயக்கமா இருக்கும். நல்லாப் பாத்தியா?"

"இல்லக்கா. செத்துட்டாரு."

அவள் கையிலிருந்த நாற்றைத் தண்ணீரிலேயே வைத்தாள். வாய்க்காலுக்குப் போய்க் கையைக் கழுவினாள். "சாவு விழுந்தாப் பொணம் எடுக்குற வரைக்கும் வயல்ல எறங்கப்படாது. ஏறுங்கடி" என்றாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஊரில் யார் செத்தாலும் அதுதான் வழக்கம். முதலாள் கரையேறிவிட்டாள். என்னோடு சேர்த்து இருபத்திரண்டு பேரும் ஏறிவிட்டோம். அரை வயல் நட்டிருந்தது. மீதி வயலில் பறித்துக் கட்டிப் போட்ட நாற்றுமுடிகள் கேட்பாரில்லாமல் கிடந்தன.

காரியக்காரர் குடையோடு ஓடி வந்தார். "என்னம்மா இது? மணி பதினொண்ணுகூட ஆவல, அதுக்குள்ள ஏறுறீங்க?"

"சாவுங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

"சாவா? யாரு?"

"விண்வேகனுங்க."

"எந்தத் தெரு?"

"அது தெரியாமத்தாங்க செத்துப் போயிட்டாரு."

அவள் கேலி செய்யவில்லை. உண்மையைச் சொன்னாள். ஆனால் காரியக்காரர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். வீட்டில் வைத்த பேரை மாற்றிக்கொண்டு தூயதமிழ்ப் பேர் வைத்துக்கொள்கிற காலம் அது. வேறு பேரில் தலைமறைவாக இருக்கிற ஆட்களைப் பற்றியும் பேச்சு இருந்தது. கூலிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ஊர் தெரு தெரியாத ஒருவன் சாகிறான், அவனுக்காக இருபத்திரண்டு பெண்கள் வேலையை விட்டு ஏறுகிறார்கள், அதில் ஒருத்தி மூக்கைச் சிந்தி அழுகிறாள். வேறு என்ன நினைப்பார் மனுஷன்?

மத்தியானம் பண்ணையாரின் கார் ஸ்டேஷனுக்குப் போனது. சாயங்காலம் ஜீப் வந்தது. "விண்வேகன் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். மாரியப்பன் அண்ணன் தெரியாது என்றிருக்கிறார். நிஜமாகவே தெரியாது. அவர் கதை கேட்கிற ஆள் இல்லை. தெரியாது என்றவரைத்தான் போலீஸ் விடாதே, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நோட்டை எடுத்துக்கிட்டு வா

விடிந்ததும் பாக்கியம் அக்கா எங்கள் வாசலில் நின்றாள். திட்டவில்லை. "நோட்ட எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

"பொட்டப்புள்ளையப் போலீஸ் ஸ்டேஷனுக்கா?" என்று அம்மா குறுக்கே வந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆளும் கட்சிக்காரர் என்ற பேர்தான், ஸ்டேஷன் வாசல்வரை அது செல்லாது என்று அவருக்குத் தெரியும்.

அடிப்பார்களா, நோட்டைக் கொளுத்துவார்களா, அப்பாவையும் பிடிப்பார்களா என்று பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போனேன். கடைசியில் கேட்டேவிட்டேன். "யக்கா, கதையில கொன்னாக்கூட கேஸு உண்டா?"

"தெரியல. இருந்தா நான் சாட்சி சொல்றேன், நீதான் கொன்னேன்னு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவளால் இந்த மாதிரிப் பேச முடிகிறது என்பதே எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பிறகுதான் பிணத்தைக் கேட்ட அந்த இடம். பறக்கும்போது செத்தார் என்று நான் சொன்னதும் இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்துப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.

"ஆத்து மதகுல சந்திப்புன்னு எழுதியிருக்கே. என்ன கூட்டம் அது? எத்தன பேரு?"

"எட்டுப் பேருங்க. இல்லைங்க, ரெண்டு பேரு. ஏழு பேரு ஒருத்திங்க."

"வெளையாடுறியா?"

"ஐயா, படிச்சுப் பாருங்கய்யா" என்றாள் பாக்கியம் அக்கா. "வாய் விட்டுப் படிங்க. அப்பத்தான் தெரியும்."

என்ன நினைத்தாரோ, வாய் விட்டே படித்தார். எஃப்.ஐ.ஆர். படிக்கிற குரல். "'ஏழு பேராக நின்றாலும் களைத்த கண் ஒன்றுதான். அதன் முன்னால் வந்து நின்றான். உட்காருங்கள் என்றான்.'" நிறுத்தினார். மேலே படிக்கவில்லை. மூலையில் ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஏட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

"யோவ்."

"இல்ல சார், இந்த விண்வேகன எனக்குத் தெரியும். எம் மவ மாசாமாசம் வாங்குறா. படக்கதைப் புத்தகம் சார்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"மொதல்ல பொணம்னீங்க சார். அவன் சாவமாட்டானே, அதான் வேற ஆளுன்னு நெனச்சேன்."

ஏட்டே சைக்கிளில் போய்க் கடைத்தெருவிலிருந்து அந்த மாதத்துப் புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டையில் நீல முகமூடியோடு விண்வேகன் பறந்துகொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இதுல உசுரோட இருக்கானே?"

"அது அவங்க எழுதுறதுங்க. எங்க வயல்ல செத்துட்டாருங்க."

அவர் முகத்தில் என்னமோ நெளிந்தது. சிரிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பயந்து ஓரடி பின்னால் போனேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரே எழுதினார். மேற்படி விண்வேகன் என்பவர் உயிருள்ள நபர் அல்ல என்றும், மேற்படியாரின் மரணம் கற்பனையில் நிகழ்ந்தது என்றும், இதில் சங்கத்துக்குச் சம்பந்தம் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். என் பேரில் ஒரு எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அழித்து எழுதட்டுமா என்று கேட்டேன். "போம்மா" என்றார்.

மாரியப்பன் அண்ணன் வெளியே வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது, சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் அழுகையைக் கவனிக்கவில்லை. விஷயத்தை அக்கா சொல்லச் சொல்ல அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

"மூணு வருசமா மெகாபோன் வச்சுக் கூப்புடுறேன். பத்துப் பேரு ஏறுனா அன்னிக்குப் பெரிசு. நீ ஒருத்தனக் கொன்னு இருபத்திரண்டு பேர ஏத்திப்புட்டியா?" என்றார். அதற்கப்புறம் உடனே கேட்டார், "நாத்து என்ன ஆச்சு?"

"கெடக்கு" என்றாள் அக்கா.

"இன்னும் ஒரு நாளு தாங்கும். அதுக்கு மேல மாட்டுக்குத்தான்."

வாசல்படி இறங்கும்போது இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார். எனக்கு உயிர் போய்த் திரும்பியது. "அவன எழுப்பி விட்டுடும்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் தூங்கிவிட்டேன். பாக்கியம் அக்காவின் தோளில் வாய் பிளந்து தூங்கினேனாம். சாதாரண நாளில் பஸ் எந்தப் பாலத்தில் ஏறினாலும் கண்ணை இறுக்கிக்கொண்டு கம்பியைப் பிடிக்கிறவள். எதற்கும் பயப்படாதவர்களுக்கு நிம்மதி என்றால் என்னவென்று தெரியுமோ தெரியாது. எனக்குத் தெரியும். அது சுடுசோறு மாதிரி வயிற்றில் போய் இறங்கும்.

மாலை மாற்றினார்கள்

மறுநாள் காலையில் எல்லோரும் வரப்பில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை. நாற்றின் நுனி மஞ்சள் பாய ஆரம்பித்திருந்தது. காரியக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் என்னைத்தான் பார்த்தார். "என்னம்மா, எழுந்திரிச்சிட்டாரா அவரு?" என்றார். அன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை. பண்ணையாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

"மின்னல் பட்டு வயல்ல விழுந்தாரு" என்று ஆரம்பித்தேன். "ஏழுருவி ஏழு பேரா வந்து தூக்குனா. ஒருத்தி நெஞ்சத் தேச்சா, ஒருத்தி உள்ளங்காலத் தேச்சா, ஒருத்தி வாயில தண்ணி விட்டா…"

"எந்தச் சொம்புல?" என்று மேற்குக் கடைசிக் குரல் கேட்டது. அதே குரல்தான். "எந்தத் தெருன்னு இன்னும் சொல்லலியே நீ."

மறுபடியும் கொன்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பாக்கியம் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே திரும்பினாள். "முந்தாநாளு செத்தான்னதும் நீயும்தான மூக்கச் சிந்துன? தெருவக் கேட்டுக்கிட்டா சிந்துன?"

அந்தப் பக்கமிருந்து "சரி, கண்ண முழிச்சானா?" என்று மட்டும் வந்தது.

"முழிச்சுட்டாரு" என்றேன்.

பாக்கியம் அக்கா வயலில் இறங்கினாள். பின்னாலேயே இருபத்தோரு பேரும் இறங்கினோம். குனிந்ததும் அவள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இனிமே ஆம்பளைங்கள சாவடிக்காதடி. அந்த நாலு வரியச் சொன்னப்ப எனக்கு விண்வேகன் தெரியல. சைக்கிள் தெரிஞ்சிது, ரோட்டுல கெடக்குற மாதிரி."

நான் உடனே கல்யாணத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஐயர் இல்லை, ஓமம் இல்லை. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போன கட்சிக் கல்யாணங்களில் பார்த்த மாதிரி சுயமரியாதைக் கல்யாணம். இரண்டு மாலை, ஒரு மேசை, ஒரு மைக். நாற்று பறித்துக்கொண்டிருந்த ஆண்களும் வேலையை மெதுவாக்கிக் கேட்டார்கள். மாரியப்பன் அண்ணன் அன்றைக்கு நாற்றுமுடி சுமந்துகொண்டு வரப்பில் நின்றிருந்தார். கன்னத்தில் மஞ்சள் பற்று.

"தலைமை யாரு?" என்று கேட்டார். சுயமரியாதைக் கல்யாணம் என்றால் தலைமை தாங்க ஒரு ஆள் வேண்டும், பத்திரிகையிலேயே போட்டிருக்கும்.

நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "நீங்கதாண்ணே" என்றது வாய்.

"வேற கட்சிக் கலியாணத்துக்கு நான் தலைமையா?"

"பண்ணி வைங்க செயலாளரே" என்றாள் சின்னப்பொண்ணு. "ஒரு நாளாவது ஒங்க பேச்ச ஏறாம நின்னு கேக்குறோம்."

அவர் முடிகளைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். இருமினார். "தோழர்களே" என்றார். வயல் சிரித்து அடங்கியது. "மணமகன் பறக்குறவரு. மணமக ஏழு ஆள் வேலையச் செய்யுறவ. இவங்க ரெண்டு பேரும், தெருவும் வேண்டாம் நாளும் வேண்டாம்னு, வேலை நடக்குற எடத்துலயே மால மாத்திக்கிறாங்க. மணமகனுக்கு நான் ஒண்ணு சொல்லுவேன். பறந்து போறது பெரிசு இல்ல. போறவரு பொழுதோட வூடு வந்து சேரணும். அங்க ஒருத்தி…"

மேலே பேச்சு வரவில்லை அவருக்கு. மெகாபோனில் இரண்டு மணி நேரம் பேசுகிற மனுஷன், வரப்பில் நின்று சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் அக்கா நிமிரவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த நாற்று தீர்ந்துபோயிருந்தது. வெறும் கையைப் பின்னால் நீட்டினாள்.

"பேசுனது போதும். முடிய வீசு."

அவர் ஒரு முடியை எடுத்து, வேர் மண்ணை உதறி, மெல்ல வீசினார். திரும்பிப் பார்க்காமலே பிடித்துக்கொண்டாள்.